அம்பக்காவும் மண்ணுதின்னியும்

என் தண்ணீர் பாட்டிலைக் கையில் வாங்கி, ஈரத்தைத் துடைத்து, அதன் வயிற்றில் கறுப்பு மார்க்கரால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்ட பிறகுதான் மேசையில் வைத்தார் அம்பக்கா. "பாட்டிலுக்கு எதுக்கு அக்கா? மூடி இருக்கிற பக்கம்தானே மேல்?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் மூடி இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டு பக்கமும் மூடி வைத்த பாட்டிலை எந்த மடையன் செய்வான் என்று மனதுக்குள் முனகிக்கொண்டேன். அடுத்த அறையின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். அப்படிப்பட்டவைதான் அங்கே தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்தன.

அது குளிர் அறை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே பல் கிட்டுகிறது. ஏரிகளின் அடியிலிருந்து எடுத்த சேறு, ஆள் உயரக் குழாய்களில் அடைபட்டு, இரண்டு முனையிலும் மூடி போட்டுப் படுத்திருக்கிறது. ஒவ்வொரு குழாயின் மேலும் ஓர் அம்பு. எனக்குக் குளிர் ஆகவே ஆகாது. நான் நடுங்குவதைப் பார்த்து, விருந்தாளிகளுக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருந்த பழைய கோட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் காலரின் உள்பக்கத்திலும் ஓர் அம்பு இருந்தது. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அம்பக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பல்கலைக்கழகத்தின் மண்ணியல் துறையில் இந்தச் சேற்றுக் குழாய்களுக்கெல்லாம் பொறுப்பாளர். "பன்னாட்டு மாணவர் பரிமாற்றம், பருவநிலைக் கல்வி, இதப் பத்தி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க" என்று பத்திரிகையில் சொன்னார்கள் என்று போனவன் நான். துறைப் பேராசிரியர் நல்ல மனிதர், நன்றாகவே பேசினார். ஆனால் அவர் மேசையில் இருந்த பேனாக் குவளையின் மேல் ஓர் அம்பு, சுவர்க் கடிகாரத்தின் கீழே ஓர் அம்பு, தீயணைப்பு உருளையின் மேல் ஓர் அம்பு. "இது யாரு சார் வேலை?" என்றேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, குளிர் அறைப் பக்கம் கையைக் காட்டினார். அதோடு நான் எழுத வேண்டிய ஒரு பக்கம் வேறு பக்கமாகப் போய்விட்டது.

பரிமாற்றம் என்றால் என்னவென்று அவர் வாயால் கேட்டால்தான் புரியும். ஒவ்வோர் ஆண்டும் விடுமுறையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள், இங்குள்ளவர்கள் அங்கே போகிறார்கள். வகுப்பறை கிடையாது. மிதவையில் ஏரி நடுவுக்குப் போய், குழாயை அடிமண்ணில் இறக்கி, நெட்டுக்குத்தாக இழுத்து எடுக்கிறார்கள். வருவது சேறுதான். ஆனால் அடுக்கு அடுக்கான சேறு. கறுத்த பட்டை என்றால் வெள்ளம் அடித்து வந்த மண், வெளுத்த பட்டை என்றால் ஏரி வற்றிக் கிடந்த காலம். பழசு கீழே, புதுசு மேலே. கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே வந்தால், இந்த வானம் எந்தக் காலத்தில் கொடுத்தது, எந்தக் காலத்தில் கெடுத்தது என்று தெரியும். பிறகு குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை இங்கே வைத்துவிட்டு, மறு பாதியை வந்தவர்கள் தங்கள் நாட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

"பசங்கள மட்டும் மாத்திக்கிட்டா அது டூர் சார். சேத்தையும் பாதி பாதியா மாத்திக்கிறோம் பாருங்க, அப்பதான் அது படிப்பு. வந்த அன்னிக்கு கிளவுஸ் கேப்பாங்க. ஒரு வாரம் போனா அதே சேத்துக் கையால பிஸ்கட் எடுத்துத் திம்பாங்க. நான் கண்டும் காணாத மாதிரி இருந்துடுவேன்."

மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் சூடேறிய படிக்கட்டில் முதுகைக் காட்டி உட்காருவார். நிழலில் இடம் இருந்தாலும் வரமாட்டார். "முதுகு உருகணும் சார். இல்லன்னா சாயங்காலம் பஸ்ல உக்கார முடியாது." ஸ்வெட்டரின் முழங்கைகளில் அவர் கணவர் போட்ட ஒட்டு. கணவர் தையற்காரர், வாயும் கத்தரிதான். ஒரு நாள் மனைவியை அழைத்துப் போக வந்தவர் என்னிடம் சொன்னார். "வீட்டுல மாவு டப்பா, மருந்து டப்பா, தலகாணி, ஒண்ணு விடல. ஒரு நாள் தூங்கி எழுந்து கண்ணாடியப் பாத்தா என் நெத்தியிலயும் இருக்கும் பாருங்க." அம்பக்கா திரும்பியே பார்க்காமல், "உங்களுக்கு எதுக்கு? மேல் பக்கம் எதுன்னு வழுக்கையே சொல்லுதே" என்றார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். ஆனால் அவரிடம் இன்னொரு விநோதம் உண்டு, அது எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்து, "அக்கா, இத வச்சிட்டுப் போறேன், பாத்துக்கோங்க" என்றால் போதும், முகம் இறுகிவிடும். "எங்க போற? நில்லு. நீயே வை, நீயே குறி போடு, என் கண்ணு முன்னால ஒரு தடவ சொல்லிட்டுப் போ." மழையில் நனைந்து வந்தாலும் சரி, காய்ச்சலோடு வந்தாலும் சரி. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்து, நாலு பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாளாம். முடியாது என்று சொல்லிவிட்டார். ராங்கி பிடித்தவள் என்று அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு கறாரா ஒரு மனுஷிக்கு?

கேட்டே விட்டேன். ரகசியம் எல்லாம் இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஊருக்கே தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியாது."

பல வருடங்களுக்கு முன் கடல் தாண்டி ஒரு பெண் வந்தாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான், ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். வந்த அன்றே "அக்கா, டீ எங்க கிடைக்கும்?" என்று கேட்டு ஒட்டிக்கொண்டாள். ஓயாத வாய். ஒரு துளி சேற்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பாள். நறநறவென்றால் வண்டல், வழவழவென்றால் களிமண். அந்தப் படிப்பில் அது வழக்கம்தானாம், ஆனால் இவளைப்போல ஆசையாக யாரும் செய்ததில்லையாம். "அடியே, உனக்குத் திங்க வேற ஒண்ணும் கிடைக்கலையா?" என்று திட்டித் திட்டி, மண்ணுதின்னி என்றே பெயராகிவிட்டது. "எனக்கு அப்ப அம்பக்கான்னு பேரு இல்ல சார். வெறும் அக்காதான்" என்றார்.

கடைசிக் குழாய் எடுத்த நாளில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. மேல் முனைக்குச் சிவப்பு மூடி, அடி முனைக்குக் கறுப்பு மூடி போடுவது வழக்கம். சிவப்பு தீர்ந்துபோய் இரண்டு பக்கமும் கறுப்பே போட்டார்கள். அவள் மிதவையில் வைத்தே அம்பு போட்டாள். ஆனால் ஈரக் குழாயில் மார்க்கர் பிடிக்குமா? வண்டியில் வந்து சேர்வதற்குள் மழையில் கரைந்துவிட்டது. பெண் தொப்பலாக நனைந்து, உதடு நீலம் பாரித்து, குழாயைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு குளிர் அறை வாசலில் நின்றாள்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்? நல்லதுதான் சொன்னேன். 'நீ போய் ஈரத்த மாத்திட்டு, சூடா டீ குடிச்சுட்டு வா. இத நான் பாத்துக்கிறேன்'ன்னேன்."

பார்த்துக்கொண்டார். இரண்டு முனைகளையும் திறந்து விரலால் அழுத்திப் பார்த்தார். ஏரியில் மேல் மண் கூழாக இருக்கும், அடி மண் இறுகியிருக்கும், அது கைக்குப் பழகிய கணக்கு. அதிகம் கூழாக இருந்த முனைதான் மேல் என்று அம்பு போட்டார். அடிப் பக்கத்து மூடி தளர்ந்து, வண்டித் தரையில் தேங்கிய மழைத் தண்ணீரில் வழி நெடுக அந்த முனை ஊறி, மேல் மண்ணைவிடக் கூழாகிக் கிடந்தது அவருக்குத் தெரியாது. பெண் டீ குடித்துவிட்டு வந்து அம்பைப் பார்த்தாள், "தேங்க்ஸ் அக்கா" என்றாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா போட்டால் சரியாகத்தான் இருக்கும்.

அவள் தன் பாதியை எடுத்துக்கொண்டு ஊர் போய், அதையே ஆராய்ச்சியாக வைத்துக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்தாள். சுற்றுவட்டார ஏரிகளெல்லாம் முதலில் ஈரம், பிறகு வறட்சி என்று சொன்னபோது, அவளுடைய குழாய் மட்டும் முதலில் வறட்சி, பிறகு ஈரம் என்றது. எல்லா நாட்டு மாணவர்களும் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்று, "என் மண்ணு பொய் சொல்லாது" என்று சாதித்தாள். அவளுடைய வழிகாட்டி எல்லோர் முன்னாலும், "மண்ணு சொல்லாது, கைதான் சொல்லும். எங்கேயோ கலந்து கட்டிட்ட" என்றாராம். சபையில் சிரித்தார்கள். எனக்கு அந்த மனிதரை ஆளே தெரியாது, ஆனால் இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

அவள் தான் செய்ததையெல்லாம் முதலிலிருந்து சரி பார்த்தாள். எடுத்தது, அறுத்தது, அளந்தது எதிலும் தப்பு கிடைக்கவில்லை. தப்பு கிடைக்காத இடத்தில் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். கடைசியில் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். சேற்றில் கிடந்த இலைத் துணுக்குகளின் வயதைக் கணக்கிட்டு முடிவு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஆய்வகத்தில் மாதக்கணக்கில் வரிசை நிற்குமாம். முடிவில் மேலே இருந்தது கிழடு, கீழே இருந்தது குஞ்சு. இங்கே அம்பக்கா தன் பாதியை எடுத்துப் பார்த்தார். அம்பு அவர் கை எழுத்து.

"அன்னிக்கே சொல்லிட்டேன் சார். இங்க சொன்னேன், அங்க சொன்னேன், அவளுக்கும் சொன்னேன். அம்பு என்னுது, புள்ள மேல தப்பே இல்லன்னேன். ஒரே மத்தியானத்துல கணக்கத் திருப்பிப் போட்டாங்க. எல்லா ஏரியோடயும் பால்ல சர்க்கரை மாதிரி சேந்துடுச்சு. வேற யாரோ எழுதி அச்சுலயும் வந்துது. அவ பேரு கடைசியில, 'நன்றி'ங்கிற இடத்துல, பொடி எழுத்துல இருக்கு." டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மண்ணத் திருப்பிட்டோம். அவள எப்படித் திருப்புறது?" என்றார்.

யாரும் திட்டவில்லையாம். இது சகஜம் என்றாராம் பேராசிரியர். அந்த வழிகாட்டிகூட வருத்தம் தெரிவித்து ஏதோ எழுதினாராம். அந்தப் பெண் அனுப்பிய பதில்: "பரவால்லக்கா, நீங்க எப்படி இருக்கீங்க, முதுகு வலி எப்படி இருக்கு?" கொஞ்ச நாளில் படித்த இடத்தில் தன் அறையைக் காலி செய்தபோது தன் பாதிக் குழாயையும் பத்திரமாகக் கட்டி இங்கேயே அனுப்பிவிட்டாள். இப்போது இரண்டு பாதிகளும் அம்பக்காவின் குளிர் அறையில்தான் இருக்கின்றன.

அன்றிலிருந்து அம்பு. அன்றிலிருந்து அந்தச் சொல் இல்லை. கறார் என்று நினைத்த என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இந்த வருடம் பரிமாற்றத்தில் புதிதாக ஓர் இடம் உண்டாக்கினார்கள். பாதியில் விட்டுப்போன பழைய மாணவர் ஒருவர் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து முடிக்கலாம். "உண்டாக்கினார்கள்" என்பது மரியாதைக்குச் சொல்வது. அம்பக்கா பேராசிரியரை நின்றால் விடாமல், உட்கார்ந்தால் விடாமல் நச்சரித்து வாங்கியது அது. "அக்கா தொல்லை தாங்க முடியாம ஒத்துக்கிட்டேன்" என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். மண்ணுதின்னிக்குச் செய்தி போயிற்று. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் வருவதாகவும், நேரில் வந்து பதில் சொல்வதாகவும் எழுதியிருந்தாள்.

அவள் வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன், படம் எடுக்க என்று சாக்கு. அம்பக்கா புது ஸ்வெட்டர் போட்டிருந்தார். குளிர் அறைக்கு முன்னால் இருக்கிற அறையில், குழாய் பிளக்கும் நீள மேசையைத் துடைத்து, இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய அம்பை அடித்துவிட்டுச் சரியான அம்பு போட்டிருந்தார். ஒரு தட்டில் பிஸ்கட். பத்து முறையாவது மேசையைச் சுற்றி வந்தார். எனக்கே படபடப்பாகிவிட்டது.

இடுப்பில் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள்.

"என்னடி மண்ணுதின்னி, இப்படி இளைச்சுட்ட?"

"நீங்கதான் அக்கா அப்படியே இருக்கீங்க. ஃப்ரிட்ஜுக்குள்ளயே இருந்தா கெட்டுப்போக மாட்டாங்க போல."

"வாய் மட்டும் குறையல. இவனும் மண்ணத் திங்கிறானா?"

"கையில எது கிடைச்சாலும் வாய்லதான்."

சிரித்தார்கள். என்ன வேலை என்று கேட்டேன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், வெள்ளத்தில் வீடு நனைந்தவர்கள் போடும் மனுக்களைச் சரிபார்க்கிறாளாம். "வெள்ளத்த விடல பாருங்க சார், மேசையில வந்து உக்காந்துக்கிட்டேன்" என்றாள். அதற்குள் அவள் கண் குழாயின் மேல் போய்விட்டது. குனிந்து, கீழ் முனையிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்தாள். ஒரு கறுத்த பட்டையின் மேல் விரலை நிறுத்தினாள்.

"இதுக்குத்தான் அக்கா அன்னிக்கு அவ்ளோ சண்ட போட்டேன். நான் ஒண்ணும் தப்பாப் படிக்கல. ஒவ்வொரு வரியும் சரி. புத்தகத்தப் பின்னாலேர்ந்து படிச்சிருக்கேன், அவ்ளோதான்."

அவள் சிரித்தாள். அம்பக்காவால் முடியவில்லை. "இடம் வாங்கி வச்சிருக்கேன்டி. சாரு சரின்னுட்டாரு. உன் மண்ணு, உன் பேர்லயே முடிச்சிடு."

அவள் சுண்டுவிரல் நகத்தால் அந்தப் பட்டையிலிருந்து ஒரு துளி சுரண்டி, கட்டை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பழக்கம்தானே, கை தானாக வாய்ப் பக்கம் போயிற்று. அம்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். குழந்தை அந்த விரலை எட்டிப் பிடிக்க வந்தது. அவள் நிறுத்தினாள். பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து, விரலை நகக்கண் வரை சுத்தமாகத் துடைத்து, காகிதத்தை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். இனி அவள் வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

சொன்னாள். "என்னால வர முடியாதுக்கா. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, இவனும் சின்னவன். அதெல்லாம் காரணம்தான், ஆனா நெசம் அது இல்ல. அந்த ரெண்டு வருஷத்துல என் கைய நானே நம்பாமப் போயிட்டேன். இப்பவும் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போடணும்னா மூணு தடவ பாக்குறேன். மண்ணத் தொட்டா அந்த பயம் முழுசா வந்துடும். உங்க மேல எனக்கு ஒரு துளி கோபம் இல்ல."

"கோபப்படேன்டி." அம்பக்காவின் குரல் உடைந்துவிட்டது. "ஒரு தடவயாவது கோபப்படேன். நாலு வார்த்த திட்டிட்டுப் போ."

"எப்படிக்கா திட்டுறது? அன்னிக்கு நடுங்கிட்டு நின்னேன். போய் டீ குடிச்சுட்டு வா, நான் பாத்துக்கிறேன்னு சொன்னீங்க. அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் அப்படிச் சொல்ல எனக்கு அங்க ஒரு ஆள் இல்ல. அந்த டீயத்தான் நினைச்சுக்குவேன்."

அம்பக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார், மறுபடி தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது, கல்யாண வீட்டிலிருந்து. அந்தக் கனத்த சுவர்களுக்குள் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்தாள். பிறகு, "அக்கா, இவனக் கொஞ்சம் பாத்துக்கோங்க, வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

'எங்க போற? நில்லு' என்று சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அம்பக்கா ஒரு கையைக் குழந்தையின் அடியில் கொடுத்தார், மறு கையின் உள்ளங்கையில் அதன் பிடரியைத் தாங்கினார். குழந்தை ஸ்வெட்டர் பையிலிருந்த மார்க்கரை உருவிக் கீழே போட்டது. அவர் குனியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அக்கா" என்றேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். வாசலில் செருப்புச் சத்தம் திரும்பக் கேட்கிறவரை, குழந்தையை ஒரு பக்கமும் சாய்க்காமல், தலை மேலே இருக்க நேராகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றார்.